புறப்பட்டதும் பாதை பிசகினால்: லைன் ட்ரெய்னிங்கில் இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

டைப் ரேட்டிங் (ஒரு விமான வகையை ஓட்டும் தகுதி) முடித்து, கேஎல்ஐஏவிலிருந்தோ (கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம்) பினாங்கிலிருந்தோ லைன் ட்ரெய்னிங் (வழக்கமான பறப்புகளில் மேற்பார்வையோடு நடக்கும் பயிற்சி) பறக்கும் துணை விமானிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. வழிசெலுத்தல் பிழை என்ற பாடம் எல்லோருக்கும் தெரியும். எதை முதலில் செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள். மேப் திரையில் ஏதோ சரியில்லை என்றதும் இரண்டு தலையும் எஃப்எம்எஸ் (பாதையைக் கணித்து விமானத்தை வழிநடத்தும் கணினி) பக்கம் குனியும். விமானம் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். சிமுலேட்டரில் வாரத்துக்கு வாரம் பார்க்கும் காட்சி.

உங்கள் நிறுவனத்தின் எஸ்ஓபியும் (நிலையான செயல்முறை) க்யூஆர்ஹெச்சும் (பழுது, அவசர நேரக் கைநூல்) சொல்வதே கடைசி வார்த்தை. அவற்றில் உள்ள வரிசை ஏன் அப்படி இருக்கிறது, எந்த இடத்தில் கை நழுவுகிறது என்பதுதான் இங்கே.

1. கேட்டில் நிற்கும்போதே பாதி வேலை

புறப்பட்ட பின் தலைகாட்டும் பிழைகளில் பெரும்பாலானவை கேட்டில் ஏற்றப்பட்டவை. அதனால் இந்தப் பகுதிதான் நீளம்.

முதலில் ஐஆர்எஸ் அலைன்மென்ட், அதாவது நிலைமக் கருவிக்குத் தான் நிற்கும் இடத்தையும் வடக்கையும் பிடிபட வைப்பது. நிலைமக் கருவி பூமியின் சுழற்சியை உணர்ந்து தான் நிற்கும் அட்சரேகையைத் தானே கணித்துவிடும். அட்சரேகையைத் தப்பாகத் தட்டினால் கணக்கு ஒத்துவராது, கருவி முரண்டு பிடிக்கும். தீர்க்கரேகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கிழக்கோ மேற்கோ எங்கே நின்றாலும் பூமி ஒரே மாதிரிதான் சுழல்கிறது. நீங்கள் கொடுத்த எண்ணையே அது நம்பும். கடைசியாக விமானம் நின்ற இடத்தோடும் ஜிபிஎஸ்ஸோடும் ஒப்பிட்டு எச்சரிக்கும் மென்பொருள் இருந்தால்தான் தப்பிக்கலாம். பழைய பதிப்பில் அது இல்லாமலும் போகலாம்.

2015 மார்ச் 10-ல் சிட்னியிலிருந்து கோலாலம்பூர் வரவேண்டிய ஏ330 ஒன்றில் நடந்தது இதுதான். 15109.8 கிழக்கு என்று இடவேண்டிய தீர்க்கரேகை 01519.8 என்று விழுந்தது. 151 டிகிரி 15 டிகிரி ஆனது. நிலைப் பிழை 11,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையில் முழு விவரமும் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் இன்னும் மூன்று இடங்களில் அந்த விமானம் வரும்.

அதே தவறு கேஎல்ஐஏவில் நடந்தால் எப்படியிருக்கும்? நிலையம் ஏறத்தாழ 2 டிகிரி 45 நிமிடம் வடக்கு, 101 டிகிரி 42 நிமிடம் கிழக்கு. 10141.9 என்று தட்ட வேண்டியது 01014.9 என்று விழுந்தால் உங்கள் விமானம் கேமரூன் நாட்டில் நிற்பதாக நம்பும். இலக்கங்கள் எல்லாம் பரிச்சயமானவையாக இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். எனவே:

- ஜிபிஎஸ் நிலையிலிருந்து தானே அலைன் ஆகும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கையால் தட்டுவது வேறு வழியில்லாதபோது மட்டும்.
- கையால் தட்டினால், தட்டியவர் வாசிக்கக்கூடாது. மற்றவர் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, தட்டியவர் சார்ட்டில் (வழிசெலுத்தல் வரைபடம்) உள்ள ஸ்டாண்ட் (விமானம் நிற்குமிடம்) ஆயத்தொலைவில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தான் தட்டியதைத் தானே வாசிப்பவர் மனத்தில் இருப்பதைத்தான் வாசிப்பார்.
- அலைன் ஆனதும் மேப் திரையைக் குறைந்த ரேஞ்சில் வைத்து, விமானக் குறி ஓடுபாதைக்குப் பக்கத்தில் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன கேமரூன் பிழையில் திரையில் ஓடுபாதையே இருக்காது.

இரண்டாவது, டேட்டாபேஸ். ஏஐஆர்ஏசி (வழிசெலுத்தல் தரவைப் புதுப்பிக்கும்) சுழற்சி 28 நாள். மாறுவது வியாழக்கிழமை 0000 யூடிசி (உலகப் பொது நேரம்). மலேசிய நேரப்படி அது வியாழன் காலை 8 மணி. அன்று விடியற்காலைப் பறப்பில் எந்த சைக்கிள் செயலில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது அடிக்கடி நடப்பது. சார்ட் புதியது, டேட்டாபேஸ் பழையது என்றால் சிட்டில் (புறப்பாட்டுக்கென்று வரையறுத்த பாதை) ஒரு வே பாயிண்ட் (பாதைப் புள்ளி) பெயரே மாறியிருக்கலாம்.

மூன்றாவது, சிட் சரிபார்ப்பு. ஒருவர் சார்ட்டை வாசிக்க, மற்றவர் எஃப்எம்எஸ் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பெயர் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ட்ராக், தூரம், உயரக் கட்டுப்பாடு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிறகு சிட்டின் கடைசிப் புள்ளியும் ஏர்வேயின் முதல் புள்ளியும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி தரையில் வெறும் ஒரு வரி. வானில் அது வந்ததும் லேட்டரல் மோட் (பக்கவாட்டுப் பாதையைப் பிடிக்கும் ஆட்டோ பைலட் நிலை) உதிர்ந்து, விமானம் இருந்த ஹெடிங்கில் (மூக்கு நோக்கும் திசை) நேராகப் போய்க்கொண்டிருக்கும். கடைசியாக மொத்தத் தூரத்தை ஃப்ளைட் ப்ளானோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயருள்ள இரண்டு வே பாயிண்ட்களில் தப்பானதை எடுத்திருந்தால், அங்கே சில ஆயிரம் மைல் வித்தியாசம் முகத்தில் அறையும்.

நான்காவது, மாற்று ஏற்பாடு. எஃப்எம்எஸ் கைவிட்டால் எதை வைத்துப் பறப்பீர்கள் என்பதை ப்ரீஃபிங்கில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்: எந்த ஹெடிங், எந்த உயரம் வரை, எந்தப் பக்கம் திரும்பக்கூடாது. விஓஆர், டிஎம்இ (திசையும் தூரமும் தரும் தரை வானொலி நிலையங்கள்) டியூன் செய்து ஐடென்டிஃபை ஆகியிருக்கட்டும். ஹெடிங் பக் (வேண்டிய திசையைக் காட்டும் குறி) ஓடுபாதைத் திசையிலோ, கொடுக்கப்பட்ட முதல் ஹெடிங்கிலோ இருக்கட்டும். இது ஏன் முக்கியம் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.

2. கடைசி நேர ஓடுபாதை மாற்றம்

கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதைகள்: 14எல்/32ஆர், 14ஆர்/32எல், 15/33. மூன்றும் ஒன்றுக்கொன்று இணை. மூன்றாவதற்கு 15/33 என்று எண் கொடுத்தது மற்ற இரண்டிலிருந்து பிரித்துச் சொல்வதற்காகத்தான். ஆகவே தப்பான ஓடுபாதையை எஃப்எம்எஸ்ஸில் வைத்துவிட்டு ஓடுபாதையில் நின்று ஹெடிங்கைப் பார்த்தால், எல்லாம் சரி என்றே தோன்றும். ஹெடிங் இங்கே சாட்சி சொல்லாது.

டாக்ஸி போகும்போது ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) ஓடுபாதையை மாற்றினால்:

முதலில் வேகத்தைக் குறையுங்கள். தேவைப்பட்டால் நிற்க இடம் கேளுங்கள். அதன்பின் எஃப்எம்எஸ்ஸில் ஓடுபாதை, அடுத்து சிட், அடுத்து இடைவெளி சரிபார்ப்பு, அதற்கப்புறம் பெர்ஃபார்மன்ஸ் எண்கள், கடைசியில் க்ளியரன்ஸ் உயரம். ஓடுபாதையை மாற்றினால் பல எஃப்எம்எஸ்களில் பழைய சிட் அழிந்துவிடும் அல்லது புதிய ஓடுபாதைக்குப் பொருந்தாமல் அறுந்து நிற்கும். சிட்டை முதலில் மாற்றிவிட்டு ஓடுபாதையைத் தொடுபவர்கள் செய்த வேலையையே மறுபடி செய்வார்கள், அவசரத்தில் ஏதாவது ஒன்றை விட்டும்விடுவார்கள்.

மாற்றியதும் முதல் பகுதியில் சொன்ன சார்ட் வாசிப்பு திரும்பவும் முழுதாக. "அதே சிட்தானே, ஓடுபாதை மட்டும்தானே மாறியது" என்பது ஏற்கத்தக்க பதில் இல்லை. முதல் திருப்பத்தின் இடமும் உயரமும் ஓடுபாதைக்கு ஓடுபாதை வேறுபடும்.

3. ஓடுபாதையில் மூன்று பார்வை

வரிசையில் நின்றதும், த்ரஸ்ட் கொடுப்பதற்கு முன் சில நொடிகள்.

முதல் பார்வை வெளியே: ஓடுபாதையில் வரைந்திருக்கும் எண்ணும் எழுத்தும். இரண்டாவது மேப் திரை: குறைந்த ரேஞ்சில் விமானக் குறி அந்த ஓடுபாதைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா. மூன்றாவது, ஹெடிங்கும் ஸ்டாண்ட்பை திசைகாட்டியும்.

ஸ்டாண்ட்பை திசைகாட்டியை இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. திரையில் தெரியும் காந்த ஹெடிங் எந்தக் காந்த ஊசியிலிருந்தும் வருவதில்லை. நிலைமக் கருவி உண்மை வடக்கைக் கண்டுபிடித்து, தான் இருப்பதாக நம்பும் இடத்தின் காந்த விலக்கத்தைத் தன் அட்டவணையிலிருந்து எடுத்துச் சேர்க்கிறது. இடம் தப்பு என்றால் விலக்கமும் தப்பு, ஹெடிங்கும் தப்பு. கோலாலம்பூரில் காந்த விலக்கம் பூஜ்ஜியத்தை ஒட்டியது. சிட்னியில் 12 டிகிரிக்கும் மேல் கிழக்கு. அங்கிருந்து திரும்பி வரும் பறப்பில் இந்தப் பார்வையை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் (தரையிறங்க வழிகாட்டும் வானொலி அமைப்பு) இருந்தால், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் கோடு நடுவில் நிற்பது இன்னொரு நல்ல சாட்சி. எஃப்எம்எஸ் எதை நம்பினாலும் லோக்கலைசர் தன் வேலையைச் செய்யும்.

4. முதல் அறிகுறிகளை அடையாளம் காண்பது

தரையை விட்டதும் லேட்டரல் மோட் எஃப்எம்ஏவில் (எந்த மோட் செயலில் என்று காட்டும் திரைவரி) பச்சையாக வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏர்பஸ்ஸில் ஆர்ம் (முன்கூட்டியே தயார்) செய்த நேவ் (எஃப்எம்எஸ் பாதையைத் தொடரும் மோட்) 30 அடி வாக்கில் பிடிக்கும். போயிங்கில் எல்நேவ் 50 அடி வாக்கில். ஆர்நாவ் 1 (ஒரு மைல் துல்லியம் கேட்கும் பகுதி வழிசெலுத்தல்) புறப்பாட்டில் நிலைய உயரத்துக்கு மேல் 500 அடிக்குள் அது செயலில் இருக்க வேண்டும். வரவில்லை என்றால் அதுவே முதல் அறிகுறி.

ஆர்நாவ் 1-ல் பக்கவாட்டு விலகலுக்கு இயல்பான எல்லை அரை நாட்டிகல் மைல். திருப்பத்திலும் அது முடிந்த உடனேயும் சற்று நேரம் ஒரு மைல் வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "திரும்பி வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய மற்றவை: நேராகப் போகவேண்டிய இடத்தில் ஆட்டோ பைலட் சாய்வது, மேப்பில் ஓடுபாதை திடீரென்று பக்கவாட்டில் நகர்வது, ஏர்பஸ்ஸில் ஜிபிஎஸ் பிரைமரி லாஸ்ட், நேவ் அக்குரசி டவுன்கிரேட், செக் ஏ/சி பொசிஷன் ஆகிய செய்திகள், போயிங்கில் அன்ஏபிள் ஆர்என்பி, வெரிஃபை பொசிஷன். காரணமில்லாத தரை எச்சரிக்கையும் இதில் சேரும். எஃப்எம்எஸ் உங்களை ஒரு மலைமேல் வைத்திருக்கலாம்.

இங்கே ஒரு பழக்கம் பற்றிச் சொல்லியாக வேண்டும். காக்பிட்டில் இருவரும் தமிழர்களாக அமைந்தால், பதற்றத்தில் "அண்ணே, என்னமோ தப்பா இருக்கே" என்று வாய் போய்விடும். சீனியரிடம் மரியாதையாக, இழுத்து, அரைகுறையாகச் சொல்வது. அந்த வாக்கியத்தில் எது தப்பு, எவ்வளவு, என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே இல்லை. நிலையான கால்அவுட்டை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "லெஃப்ட் ஆஃப் ட்ராக், ஒன் மைல், செலக்ட் ஹெடிங்." கேப்டன் எத்தனை வயது மூத்தவராக இருந்தாலும் சரி. மரியாதையைத் தரையிறங்கிய பிறகு தேநீர்க் கடையில் காட்டிக்கொள்ளலாம்.

5. முதல் அரை நிமிடம்: ஹெடிங், உயரம், கை

பாதை சந்தேகம் என்றதும் முதல் செயல், எஃப்எம்எஸ்ஸின் கையிலிருந்து விமானத்தை வாங்குவது. அதாவது ஹெடிங் மோட்.

ஏன் இவ்வளவு அவசரம்? 200 நாட் வேகத்தில், 30 டிகிரி விலகிப் போனால் ஒரு நிமிடத்தில் பக்கவாட்டில் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். இணை ஓடுபாதைகள் உள்ள நிலையத்தில் அது பக்கத்து விமானத்தின் பாதை. சிட்னியில் அந்த ஏ330 ஆட்டோ பைலட் பிடித்ததும் இடப்பக்கம் சாய்ந்து, பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையைக் கடந்தது.

செய்முறை விமானத்துக்கு விமானம் மாறும்:

ஏர்பஸ்ஸில் ஹெடிங் குமிழை இழுத்தால், சாளரத்தில் கோடுகள் இருந்தால் தற்போதைய ஹெடிங்கைப் பிடிக்கும். எண் முன்பே வைத்திருந்தால் அந்த எண்ணுக்குத் திரும்பும். இதில் ஒரு பின்விளைவு உண்டு. நேவிலிருந்து ஹெடிங்குக்கு வந்ததும் மேனேஜ்டு க்ளைம்ப் ஓபன் க்ளைம்பாக மாறும், சிட்டின் உயரக் கட்டுப்பாடுகளை விமானம் இனி மதிக்காது. எஃப்சியுவில் (ஆட்டோ பைலட் கட்டுப்பாட்டுப் பலகை) வைத்த உயரத்துக்கு நேராக ஏறும். ஆகவே ஹெடிங்கை இழுத்த அதே மூச்சில் அடுத்த கட்டுப்பாட்டு உயரத்தை எஃப்சியுவில் வையுங்கள். புதியவர்கள் இதை மறப்பது ஏறக்குறைய உறுதி. பாதைப் பிழையைச் சரிசெய்யப் போய் உயரத்தை உடைத்துக்கொள்வார்கள்.

போயிங்கில் ஹெடிங் செலக்ட், பக் எங்கே இருக்கிறதோ அங்கே ஓடும். பக்கை முதலில் பாருங்கள், பிறகு அழுத்துங்கள். பழைய க்ளியரன்ஸின் எண்ணில் பக் கிடந்தால் ஒரு பிழையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருப்பீர்கள். பக் எங்கோ இருக்கிறது, நேரமில்லை என்றால், அந்த வசதி உள்ள விமானங்களில் ஹெடிங் ஹோல்ட்.

மோட் மாற்றத்துக்கும் விமானம் பணியவில்லையென்றால் ஆட்டோ பைலட்டை விடுவித்து, ஃப்ளைட் டைரக்டரையும் (எப்படிப் பறப்பது என்று திரையில் காட்டும் கோடுகள்) அணைத்து, கையால் பறங்கள். தப்பான ஃப்ளைட் டைரக்டர் கோடு கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எந்த ஹெடிங்? இதைத்தான் ப்ரீஃபிங்கில் முடித்து வைக்கச் சொன்னது. கேஎல்ஐஏவில் 32எல் நடு ஓடுபாதை. இருபுறமும் வேறு ஓடுபாதைகளின் போக்குவரத்து. ஏடிசி சொல்லாமல் எந்தப் பக்கமும் திரும்பாதீர்கள். வடகிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், கெந்திங் பக்கம் 1,700 மீட்டருக்கு மேல். பினாங்கில் ஒரே ஓடுபாதை, 04/22. 22-ல் போனால் எதிரே கடல், நிம்மதி. 04-ல் போனால் நீரிணை, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், இடப்பக்கம் வடக்கே 800 மீட்டருக்கு மேல் எழும் பினாங்கு மலை. 04-ல் மேகத்துக்குள் காரணமில்லாமல் இடப்பக்கம் சாய்கிறது என்றால் ஒரு நொடிகூடத் தாமதம் வேண்டாம்.

ஹெடிங் பிடித்ததும் உயரம். குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைத் தாண்டும் வரை ஏறிக்கொண்டே இருங்கள். பிழையை ஆராய அதற்குக் கீழே நேரமில்லை. தரை எச்சரிக்கை ஒலித்தால், குறிப்பாக மேகத்திலோ இரவிலோ, முதலில் தப்பும் செயல்முறை. நிலைப் பிழையால் வந்த பொய் எச்சரிக்கையாக இருக்கலாம். அதை மேலே போய் யோசிக்கலாம். 1989 பிப்ரவரி 19-ல் சுபாங்கை நெருங்கிய சரக்கு 747-ல், 2,400 அடிக்கு இறங்கச் சொன்னது 400 அடி என்று காதில் விழுந்தது. தரை எச்சரிக்கை ஒலித்தும் விமானம் மலையில் மோதியது. அது இறங்கும் விமானம், நாம் பேசுவது ஏறும் விமானம். அந்த ஒலிக்குக் கொடுக்க வேண்டிய பதில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

6. ஏடிசியிடம் சொல்வது

விமானம் ஹெடிங்கில், ஏறிக்கொண்டிருக்கிறது என்றானதும் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு உங்கள் காரணம் தேவையில்லை, உங்கள் திசை தேவை. இந்தத் தகவல் சீக்கிரம் போனால் பக்கத்து விமானத்தை அவர்கள் நகர்த்திவிடுவார்கள்.

சொல்லும் வரிசை: முடியாதது, இப்போது செய்வது, வேண்டுவது. "லும்பூர், (கால்சைன்), அன்ஏபிள் ஆர்நாவ் ட்யூ எக்விப்மென்ட், மெயின்டெய்னிங் ரன்வே ஹெடிங், க்ளைம்பிங் சிக்ஸ் தவுசண்ட், ரிக்வெஸ்ட் ரேடார் வெக்டர்ஸ்." உயரம் உங்கள் க்ளியரன்ஸ்படி. ஹெடிங்கையே நம்ப முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். திரும்பத் தொடங்கு, நிறுத்து என்று திசைகாட்டி இல்லாமலே அவர்களால் திருப்பிவிட முடியும். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் போய்விட்டால் பான் பான் (அவசர நிலை அழைப்பு) சொல்லத் தயங்காதீர்கள். புதியவர்கள் அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். எதற்கென்று விளங்கவில்லை.

கோபுரத்தில் இருப்பவர் "ஆர் யூ டர்னிங் லெஃப்ட்?" என்று கேட்டால், அது விசாரிப்பு இல்லை. நீங்கள் கவனிக்காத பிழையை அவர் ரேடாரில் பார்த்துவிட்டார். உடனே ஹெடிங் மோட்.

7. இப்போதுதான் ஆராய்ச்சி: மோடா, பாதையா, நிலையா

ஓட்டுபவர் ஓட்டிக்கொண்டே இருக்க, கவனிப்பவர் மட்டும் குனிய வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரே ரேடியோவையும் எடுத்துக்கொள்வது பல நிறுவனங்களின் வழக்கம்.

மூன்று கேள்விகள், எளிதானதிலிருந்து.

முதலாவது, மோட். எஃப்எம்ஏ என்ன சொல்கிறது? நேவ் பிடிக்கவேயில்லை, அல்லது இடைவெளியில் வந்து உதிர்ந்துவிட்டது என்றால் கருவிகளில் பழுதே இல்லை. அடுத்த புள்ளியை ஏடிசியிடம் உறுதிசெய்து, டைரக்ட் போட்டு, மேப்பில் கோடு நியாயமான திசையில் போகிறது என்று இருவரும் பார்த்த பிறகு நேவ்.

இரண்டாவது, பாதை. விமானக் குறி சரியான இடத்தில் இருக்கிறது, கோடு தப்பான இடத்துக்குப் போகிறது. தப்பான சிட், தப்பான ஓடுபாதை, பெயர் ஒத்த வேறொரு வே பாயிண்ட். வெக்டரிலேயே (ஏடிசி சொல்லும் திசையிலேயே) இருந்துகொண்டு, சிட்டைத் திரும்பக் கட்ட முயலாமல், சிட்டுக்கு அப்பால் உள்ள ஏர்வே புள்ளிக்கு டைரக்ட் கேளுங்கள். ஏறும்போது சிட்டைத் திரும்ப ஏற்றுபவர் தான் ஏற்கெனவே கடந்துவிட்ட புள்ளிக்கு விமானத்தைத் திருப்பிவிடுவார்.

மூன்றாவது, நிலை. விமானம் எங்கே இருக்கிறது என்பதிலேயே தகராறு. ஏர்பஸ்ஸில் பொசிஷன் மானிட்டர் பக்கம், போயிங்கில் பொஸ் ரெஃப் வகைப் பக்கம். அங்கே ஒவ்வொரு ஐஆர்எஸ், ஜிபிஎஸ், எஃப்எம்எஸ் நிலையையும் பார்க்கலாம். பிறகு இவை எதையும் சாராத ஒன்று: டியூன் செய்து ஐடென்டிஃபை ஆன விஓஆரின் ரேடியலும் டிஎம்இ தூரமும். சார்ட்டில் அந்த இடம் எங்கே விழுகிறது?

ஐஆர்எஸ் மூன்றில் ஒன்று மட்டும் விலகினால் அது கெட்டது என்று முடிவுசெய்யலாம். மூன்றும் ஒத்துப்போனால் சரி என்று முடிவுசெய்யலாமா? கூடாது. கேட்டில் ஒரே முறை தட்டிய ஆயத்தொலைவு மூன்றுக்கும் போகிறது. மூன்றும் ஒற்றுமையாகக் கேமரூனில் இருக்கலாம். மூன்று ஐஆர்எஸ் ஒரு பக்கம், ஜிபிஎஸ்ஸும் விஓஆரும் இன்னொரு பக்கம் என்றால், தலையெண்ணிக்கையைப் பார்க்காமல் விஓஆர் பக்கம் சாயுங்கள்.

விலகலின் அளவும் தடயம்தான். ஜிபிஎஸ் உதவி இல்லாத ஐஆர்எஸ் இயல்பிலேயே மணிக்கு இரண்டு நாட்டிகல் மைல் வரை நகரலாம். புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஐந்து நிமிடத்தில் பத்து மைல் என்றால் தட்டியதில் பிழை, அல்லது ஜிபிஎஸ் குறுக்கீடு.

8. தொடக்கூடாதவை

ஐஆர்எஸ் சுவிட்சுகள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தரையில் அணைத்து எரியவைத்தால் அலைன் ஆகும் என்ற பழக்கம் கையில் இருக்கிறது. வானில் கை தானாக அங்கே போகும். ஏர்பஸ் ஏ330 போன்றவற்றில் பறக்கும்போது அணைத்த ஐஆர் (நிலைமக் கருவி) வழிசெலுத்தலுக்குத் திரும்ப அலைன் ஆகாது. கிடைத்தால் ஆட்டிட்யூட் (விமானத்தின் சாய்வு நிலை) மட்டும் கிடைக்கும். இரண்டு போனால் ஆட்டோ பைலட்டும் ஃப்ளைட் கன்ட்ரோல் பாதுகாப்புகளும் சேர்ந்து போகும். சிட்னி விமானத்தில் பழுதைச் சரிசெய்ய எடுத்த முயற்சியே வழிசெலுத்தல், ஃப்ளைட் கைடன்ஸ், ஃப்ளைட் கன்ட்ரோல் மூன்றையும் பலவீனமாக்கியது. தட்டச்சுப் பிழையாகத் தொடங்கியது ஃப்ளைட் கன்ட்ரோல் வரை போனது. க்யூஆர்ஹெச் வரிவரியாகச் சொன்னால் மட்டும், இருவரும் ஒரே சுவிட்சைப் பார்த்து உறுதிசெய்த பிறகு தொடுங்கள்.

சர்க்யூட் பிரேக்கர், டேட்டாபேஸ் மாற்றம், எஃப்எம்எஸ் ரீசெட்: இவையும் அப்படியே.

9. ஜிபிஎஸ் குறுக்கீடு

கேஎல்ஐஏவில் சுத்தமாகப் புறப்பட்டு, சில மணி நேரத்தில் குறுக்கீட்டுக்குள் போகும் பாதைகள் இங்கிருந்து உண்டு: மேற்காசியா, இந்திய-பாகிஸ்தான் எல்லை, மியன்மார் பக்கம். ஜாமிங் என்றால் சமிக்ஞை போய்விடும்; செய்தி வரும், தெரியும். ஸ்பூஃபிங் மோசம். பொய் நிலை நல்ல நிலைபோலவே வரும். காக்பிட் கடிகாரம் தாவுவது, தரைவேகமும் காற்றும் அபத்தமாக மாறுவது, 35,000 அடியில் தரை எச்சரிக்கை வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். கைக்கடிகாரத்தைப் புறப்படும் முன் யூடிசியோடு ஒத்துவைப்பது இதற்காகத்தான்.

உங்கள் நடைமுறை அனுமதித்தால் அந்தப் பகுதிக்கு முன்பே ஜிபிஎஸ் அப்டேட்டை நிறுத்தி, ஐஆர்எஸ், டிஎம்இ கொண்டு போங்கள். பொய் நிலை உள்ளே கலந்த பிறகு நிறுத்தினால் கலந்தது அப்படியே இருக்கும்.

10. தொடர்வதா, திரும்புவதா

மோட் அல்லது பாதைப் பிழை, சரிசெய்தாயிற்று, நிலை விஓஆரோடு ஒத்துப்போகிறது: தொடரலாம். நிலைப் பிழை தீரவில்லை: அடுத்த பாதை கேட்கும் ஆர்நாவ் தகுதி இல்லை, கடல் தாண்டிப் போவது பற்றி யோசிக்கவே வேண்டாம். ரேடார் இருக்கும் இடத்திலேயே முடிவெடுங்கள்.

திரும்பினால் எடை, எரிபொருள், வானிலை. கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை நேரத்தில் பினாங்கோ வேறொன்றோ நல்லதாக இருக்கலாம். சிட்னி விமானத்தால் மேகம் தாழ்ந்திருந்ததால் அங்கேயே திரும்ப இறங்க முடியவில்லை; மெல்பர்ன் போய் இறங்கியது. கருவிகள் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு நல்ல வானிலை வேண்டும். தூரம் இரண்டாவது.

ஐஎல்எஸ் அப்ரோச்சுக்கு எஃப்எம்எஸ் நிலை தேவையில்லை, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எஃப்எம்எஸ் தானே ஐஎல்எஸ்ஸை டியூன் செய்வது தன் நிலையையும் திட்டத்தையும் நம்பித்தான். நிலை கெட்டிருந்தால் அதிர்வெண்ணையும் கோர்ஸையும் கையால் வையுங்கள். ஏர்பஸ்ஸில் தேவைப்பட்டால் ரேடியோ மேனேஜ்மென்ட் பேனலின் நேவ் பேக்அப் வழியாக. மோர்ஸ் ஐடென்டைக் கேளுங்கள். மேப்பை அணைத்து ரோஸ் ஐஎல்எஸ் போன்ற திரைக்குப் போங்கள். தப்பான மேப்பைப் பார்த்துக்கொண்டே சரியான லோக்கலைசரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

11. இறங்கிய பின்

டெக் லாகில் என்ன செய்தி, எந்த நேரம், எந்த உயரம், எந்த சுவிட்ச் எந்த நிலையில் என்று எழுதுங்கள். "நேவ் ஃபெயில்" என்று மட்டும் எழுதினால் எஞ்சினியர் தரையில் சோதிப்பார், எல்லாம் சரியாக இருக்கும், அடுத்த க்ரூ அதே விமானத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். எஃப்எம்எஸ் நிலைப் பக்கங்களை அழியும் முன் படமெடுத்து வையுங்கள். காக்பிட் குரல் பதிவு இரண்டு மணி நேரத்தில் மேலெழுதப்படும் விமானங்கள் இன்னும் பறக்கின்றன. நிறுவன நடைமுறைப்படி பதிவைக் காப்பாற்ற எஞ்சினியரிடம் உடனே சொல்லுங்கள். கட்டாய நிகழ்வு அறிக்கை சிஏஏஎம்முக்குப் (மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்) போக வேண்டுமா என்பதைப் பாதுகாப்புப் பிரிவு முடிவுசெய்யும். உங்கள் வேலை அன்றைக்கே எழுதிக் கொடுப்பது.